முதல் அடியைத் தடுப்பது எது? தயங்கி நிற்பவர்களும் தயக்கத்தைக் கடந்தவர்களும் எழுதுங்கள்

கரையோரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்து 9 ஆண்டுகள் ஆகின்றன. முடிவெடுத்த வாரத்திலேயே நீச்சல் கண்ணாடியும் தொப்பியும் வாங்கிவிட்டேன். அவை அலமாரியின் மேல்தட்டில் உறை பிரிக்கப்படாமல் இருக்கின்றன. போன மாதம் எடுத்துப் பார்த்தபோது கண்ணாடியின் ரப்பர் பட்டை பிசுபிசுக்கத் தொடங்கியிருந்தது. ஒரு முறைகூட நீரைத் தொடாமல் ஒரு பொருள் பழுதாகிப் போகும் அளவுக்கு நான் காலம் கடத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த 9 ஆண்டுகளில் மூன்று முறை குளம் வரை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறை வாசலோடு திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை உள்ளே போய், குளத்தை ஒட்டிய இருக்கையில் ஏறக்குறைய 40 நிமிடங்கள் உட்கார்ந்திருந்தேன். ஆறு வயது இருக்கும் ஒரு சிறுமி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முகத்தை நீருக்குள் அமிழ்த்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்கு வருத்தம் வரவில்லை. பெரும் நிம்மதிதான் வந்தது. உண்மையில் தண்ணீரை விட அந்த நிம்மதிதான் இப்போது என்னை அச்சுறுத்துகிறது.

நீச்சலைப் பற்றி மட்டும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. தள்ளிப்போட்ட தேர்வு, எழுதாமல் விட்ட விண்ணப்பம், கேட்காமல் விட்ட உதவி என்று என் வாழ்க்கையில் வேறு சிலவும் இதே வடிவத்தில் நிற்கின்றன. "துணிந்து இறங்குங்கள்" என்ற அறிவுரையைப் பலரிடம் கேட்டுவிட்டேன். துணிவு எங்கிருந்து வரும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தயங்கி நின்று, பிறகு தொடங்கியவர்கள், அந்த முதல் நாளில் சரியாக என்ன செய்தீர்கள் என்பதை விரிவாக எழுத முடியுமா?

---

இரவுப்பாடம்

நண்பரே, நீங்கள் நிம்மதியைப் பற்றி எழுதிய வரியில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். தள்ளிப்போடுவதை நேர மேலாண்மைக் குறையாகவே பலரும் பார்க்கிறோம். உளவியலாளர்கள் ஃபுஷியா சிரோயிஸ், டிமதி பிச்சில் ஆகியோர் 2013-இல் எழுதிய கட்டுரை அதை மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் முயற்சியாக விளக்குகிறது. ஒரு வேலை பதற்றத்தைத் தருகிறது. அதை விட்டு விலகினால் பதற்றம் உடனே தணிகிறது. தணிந்த அந்தச் சுகமே கூலியாகிவிடுவதால் அடுத்த முறை விலகுவது இன்னும் எளிதாகிவிடுகிறது. அதற்கான விலையை நாளைய நாம் கொடுக்கிறோம். ஆகவே நீங்கள் குளத்திலிருந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் சும்மா திரும்பவில்லை. திரும்புவதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள். இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, நானும் அதே பயிற்சியை எடுத்தவன்.

பள்ளி இறுதியோடு கைவிட்ட கணிதத்தை 38 வயதில் மீண்டும் படிக்க விரும்பினேன். முதல் இரண்டு ஆண்டுகள் நான் செய்ததெல்லாம் புத்தகம் சேர்த்தது, கால அட்டவணை போட்டது, எந்தப் பாடத்திட்டம் சிறந்தது என்று ஒப்பிட்டது ஆகியவைதான். அவை எல்லாம் வேலை போலவே தோன்றின; மாலையில் களைப்புகூட வந்தது. ஆனால் தயாரிப்பில் தோற்கவே முடியாது என்பதால்தான் அதில் அத்தனை விருப்பமாக இருந்தேன் என்பது பின்னால்தான் புரிந்தது. அட்டவணை போடும்போது யாருக்கும் விடை தவறாக வருவதில்லை.

ஓர் இரவு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு சமன்பாட்டை எடுத்தேன். 25 நிமிடங்கள் ஆயின, விடையும் தவறு. ஆனால் எங்கே தவறினேன் என்று பார்த்தபோது, அடைப்புக்குறியை நீக்கும் இடத்தில் கழித்தல் குறியை முதல் உறுப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு இரண்டாவது உறுப்பை மறந்திருந்தேன். இரண்டு ஆண்டுத் திட்டமிடல் என்னைப் பற்றிச் சொல்லாத ஒன்றை அந்தத் தவறான விடை சொன்னது: எனக்குக் "கணிதம் வராது" என்பது பொய், குறிகளில் கவனக்குறைவு இருக்கிறது என்பதே மெய். முன்னது ஒரு தீர்ப்பு, பின்னது திருத்தக்கூடிய ஒரு பழக்கம்.

நடைமுறையில் எனக்குக் கைகொடுத்தது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் முன்வைத்த ஒரு முறை. "படிக்கப்போகிறேன்" என்று நோக்கத்தை மட்டும் சொல்லிக்கொள்ளாமல், "இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இன்னது நடந்தவுடன் இன்னதைச் செய்வேன்" என்று சூழலோடு செயலை முடிச்சுப் போடுவது அது. அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் 94 சோதனைகளின் முடிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இப்படி முடிச்சுப் போட்டவர்கள் குறிக்கோளை எட்டுவதில் குறிப்பிடத்தக்க அளவு முன்னே இருந்தார்கள். என் முடிச்சு இதுதான்: இரவு பாத்திரங்களைக் கழுவிக் கையைத் துடைத்தவுடன், துண்டை மாட்டிவிட்டு நேரே மேசைக்குப் போய் ஒரு கணக்கு. மனம் வருகிறதா என்று கேட்கும் இடமே அதில் இல்லை.

---

கூர்நோக்கு

மேலே சொல்லப்பட்டவற்றை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை. இத்தகைய உரையாடல்களில் தயக்கம் எப்போதுமே எதிரியாகச் சித்திரிக்கப்படுகிறது. நான் தயங்காமல் இறங்கி இழந்தவன். சேமிப்பு முழுவதையும் ஒரே மூச்சில் போட்டு, வேலையையும் விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கினேன். அடிவயிற்றில் ஒரு கலக்கம் இருந்துகொண்டேதான் இருந்தது. அதைக் கோழைத்தனம் என்று எண்ணி அடக்கினேன். 14 மாதங்களில் தொழிலை மூட வேண்டியதாயிற்று. இழந்த பணத்தை விட, அதன்பின் ஆறு ஆண்டுகள் எதையுமே தொடங்க அஞ்சி நின்றேன் என்பதுதான் பெரிய இழப்பு.

நாம் எடுக்கும் வேலை எவ்வளவு நாள் பிடிக்கும் என்பதை மதிப்பிடுவதில் மனிதர்கள் பொதுவாகவே மோசமானவர்கள். ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாள்களில் முடிப்போம் என்று கணித்தார்கள். உண்மையில் 55 நாள்களுக்கு மேல் ஆனது. தன் துறையை அறிந்த மாணவருக்கே இந்த நிலை என்றால், அறியாத துறையில் கால் வைப்பவர் எவ்வளவு தவறுவார்? எனவே கரையோரம் அவர்களே, உங்கள் தயக்கம் எதைச் சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். அதை மிதித்துக்கொண்டு போகாதீர்கள்.

---

முற்றத்து நிழல்

எழுதிப் பழக்கமில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். தேர்வு விண்ணப்பம் ஒன்று மூன்று வாரங்களாக என் கணினியில் பாதி நிரப்பப்பட்டு நிற்கிறது. "தயாரிப்பில் தோற்கவே முடியாது" என்ற வரியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நன்றி.

---

தனிக்குரல்

நான் வேறொரு பொறியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். குரலிசை கற்கப்போகிறேன் என்று நெருங்கியவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது என்பது என் கணக்கு. நடந்தது வேறு. "இந்த வயதில் எவ்வளவு ஆர்வம்!" என்று பாராட்டினார்கள், அந்தப் பாராட்டிலேயே பாடகியாகிவிட்ட நிறைவு வந்துவிட்டது. வகுப்பில் சேரவே இல்லை. பிற்பாடு, கோல்விட்சரின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. நான் இன்னாராக ஆகப்போகிறேன் என்ற எண்ணத்தைப் பிறர் கவனித்து ஏற்றுக்கொண்டால், அதற்காக உழைக்கும் தீவிரம் குறைவதை அவர்கள் கண்டார்கள். கற்பனைக்கும் இதே இயல்பு உண்டு. விரும்பியது இனிதே கைகூடியதாகக் கனவு காண்பவர்களிடம் ஊக்கம் குறைவதையும், குருதி அழுத்தம்கூடச் சற்றுத் தணிவதையும் ஹீதர் காப்பஸ், கேப்ரியேல் எட்டிங்கன் ஆகியோர் 2011-இல் காட்டியிருக்கிறார்கள். உடல் ஏற்கெனவே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது.

அதனால் இரண்டாம் முறை யாரிடமும் சொல்லவில்லை. கற்பிப்பவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். முதல் வகுப்பில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். என் குரல் நடுங்கியது. "நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், நடுக்கத்தோடேயே பிடியுங்கள்" என்றார். அன்று 10 நிமிடங்கள் அது ஒன்றை மட்டும்தான் செய்தேன். அச்சம் போன பிறகு தொடங்கலாம் என்று எண்ணியிருந்த எனக்கு, அச்சம் போவதற்கு வழியே தொடங்குவதுதான் என்பது அந்த 10 நிமிடங்களில் தெரிந்தது.

---

மெல்லொளி

ஒரு முக்கியமான எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். எல்லாத் தயக்கமும் ஒரே வகையைச் சேர்ந்ததல்ல. இரண்டு ஆண்டுகள் எனக்குக் குளிப்பதும் பல் துலக்குவதும்கூட மலையாகத் தெரிந்தன. அதைச் சோம்பல் என்று நானும் என்னைச் சுற்றியிருந்தவர்களும் நம்பினோம். அது மனச்சோர்வு நோய் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எனக்கு வழி திறந்தது. எதிலுமே விருப்பமில்லாமை, தூக்கக் குலைவு, எதற்கும் பயனில்லை என்ற எண்ணம் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், தயவுசெய்து அறிவுரைகளைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள். அதுவும் ஒரு முதல் அடிதான்.

வியப்பான செய்தி என்னவென்றால், சிகிச்சையிலும் இதே கருத்தின் ஒரு வடிவம் இருந்தது. உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970-களில் வளர்த்த சிந்தனையிலிருந்து கிளைத்த செயலூக்கச் சிகிச்சை அது. மனம் சரியானால் செயல்படலாம் என்று காத்திராமல், மிகச் சிறிய செயல்களைத் திட்டமிட்டுச் செய்வதன் வழியாக மனத்தை மெல்ல மேலே கொண்டுவருவது அதன் சாரம். என் முதல் வாரத்துச் செயல், காலையில் சன்னல் திரையை விலக்குவது. அவ்வளவுதான். ஆனால் அதை எனக்காக அளந்து கொடுத்தவர் பயிற்சி பெற்ற ஒருவர். வெளியிலிருந்து யாரோ "எழுந்திரு" என்று அதட்டவில்லை. இந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

---

நீர்மட்டம்

பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பது என் தொழில். எனவே கரையோரம் அவர்கள் கேட்டதற்கு நேரடியாக விடை சொல்லலாம் என்று வந்தேன். மற்றவர்கள் எழுதியதற்கும் அதில் ஒரு விடை இருப்பதாக எனக்குப் படுகிறது.

வளர்ந்தவர்கள் தண்ணீருக்கு அஞ்சுவதாகச் சொல்வார்கள். அருகில் நின்று பல ஆண்டுகள் பார்த்துவிட்டேன். அவர்களுடைய அச்சம் தண்ணீரின் மீது அல்ல. கால் தரையை விட்டு எழுந்த பிறகு, மீண்டும் எப்படித் தரைக்கு வருவது என்று தெரியாததே அவர்களுடைய அச்சம். அதனால்தான் உடலை விறைத்துக்கொள்கிறார்கள், தலையை மேலே தூக்குகிறார்கள். தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழும். தாழ்ந்தால் மூழ்குவதாகத் தோன்றும். தோன்றினால் இன்னும் தலையைத் தூக்குவார்கள். நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலானோரின் உடல் தானாகவே மிதக்கக்கூடியது. ஆனால் இதை எத்தனை முறை விளக்கினாலும் உடம்பு நம்பாது.

ஆகவே என் முதல் பாடத்தில் மிதப்பது இல்லை, கையடிப்பதும் இல்லை. மார்பளவு நீரில் நின்று, வாயால் மூச்சை இழுத்து, முகத்தை அமிழ்த்தி, மூக்கால் மெல்ல "ம்ம்ம்" என்று முனகியபடி காற்றை விடுவது முதலில். மூக்கிலிருந்து காற்று வெளியே வந்துகொண்டிருக்கும்வரை நீர் உள்ளே ஏறாது என்பதை முகம் கற்றுக்கொள்ளும். அடுத்தது, எழுந்து நிற்பது. கைப்பிடியைப் பற்றி உடலைக் குப்புற நீட்டியபின், முழங்கால்களை மார்புப் பக்கம் இழுக்க வேண்டும். கைகளால் நீரைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இடுப்பு தாழ்ந்து பாதங்கள் தரையைத் தொடும் நிலையில் தலையை உயர்த்த வேண்டும். இதையே 20, 30 முறை செய்யச் சொல்வேன். எழுந்து நிற்கத் தெரிந்த உடம்பு, மறு நிமிடமே மிதக்க ஒப்புக்கொள்கிறது. அதுவரை விறைத்திருந்த தோள் தளர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

முதல் அடி என்றால் முன்னோக்கி வைப்பது என்றே எல்லோரும் எண்ணுகிறோம். என் அனுபவத்தில், திரும்பி வரும் வழியைக் கற்றுக்கொள்வதே முதல் அடி. கூர்நோக்கு ஐயா, நீங்கள் சொன்ன தொழிலில் உங்களுக்கு எழுந்து நிற்கத் தரை இருந்ததா? வருத்தப்படுத்துவதற்காகக் கேட்கவில்லை.

---

கூர்நோக்கு

இல்லை, நீர்மட்டம் அவர்களே. இரவு முழுவதும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வேலையையும் சேமிப்பையும் ஒரே நாளில் விட்டது துணிவு என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன், பிறகு மடமை என்று நினைத்தேன். ஆழம் தெரியாத இடத்தில், எழுந்து நிற்கக் கற்காமல் குதித்தேன் என்பதுதான் சரியான விவரிப்பு. வேலையில் இருந்துகொண்டே வார இறுதிகளில் ஐந்து வாடிக்கையாளர்களைத் தேடிப் பார்த்திருக்கலாம். ஐந்து பேர் கிடைக்காவிட்டால் ஐந்து வார இறுதிகள்தான் போயிருக்கும்.

எனவே என் முந்தைய கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். அடிவயிற்றுக் கலக்கம் "போகாதே" என்று சொல்லவில்லை. "இவ்வளவு பெரிதாக வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறது. திரும்பி வர முடியாத முடிவுகள் சில உண்டு. அவற்றில் நீண்ட யோசனை தேவைதான். ஆனால் அப்படிப்பட்ட முடிவுக்கு முன்னாலும், திரும்பக்கூடிய சிறிய அடிகள் பல கிடக்கின்றன. அவற்றிலும் தயங்கி நிற்பதற்குக் காரணமில்லை. பழந்தமிழில் தூங்குதல் என்ற சொல்லுக்குக் காலந்தாழ்த்துதல் என்ற பொருளும் உண்டு. என்னுடைய ஆறு ஆண்டுகளை அந்தப் பொருளில் தூக்கம் என்றே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1990-களின் நடுவில் செய்த ஆய்வுகளின்படி, அண்மைக் காலத்தில் நாம் செய்த செயல்களுக்காக அதிகம் வருந்துகிறோம். வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போதோ செய்யாமல் விட்டவற்றுக்காகவே அதிகம் வருந்துகிறோம். என் தொழில் தோற்ற வலி இப்போது பெருமளவு ஆறிவிட்டது. அதன்பின் தொடாமல் விட்டவை ஆறவில்லை.

---

இரவுப்பாடம்

கூர்நோக்கு அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கலாம். பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், பெரிய முடிவில் தடுமாறி நின்றவர்களை நாணயம் சுண்டிப் பார்க்கச் சொல்லி ஓர் ஆய்வு நடத்தினார். 20,000-க்கும் மேற்பட்ட முறை நாணயம் சுண்டப்பட்டது. 2021-இல் அச்சான அதன் முடிவு, பெரிய முடிவுகளில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள் ஆறு மாதங்களுக்குப் பின் சராசரியாகக் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள் என்பது. தாமாக முன்வந்து கலந்துகொண்டவர்களை வைத்து நடந்த ஆய்வு என்பதால், அனைவருக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள மாட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் சமமாகக் கனக்கும்போது, நம் மனம் இருக்கும் இடத்திலேயே இருப்பதன் பக்கம் கூடுதலாக ஓர் எடைக்கல்லை வைத்துவிடுகிறது என்பதை எனக்கு அது நினைவூட்டுகிறது.

---

கரையோரம்

19 நாள்கள் கழித்து எழுதுகிறேன். இடையில் வராததற்கு மன்னியுங்கள்; சொல்வதற்கு ஏதாவது இருந்தால்தான் வர வேண்டும் என்று இருந்தேன்.

நீர்மட்டம் அவர்கள் எழுதியதைப் படித்த மறுநாள், வீட்டில் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் எடுத்து, முகத்தை அமிழ்த்தி முனகிப் பார்த்தேன். முதல் முறை இரண்டு நொடிகூட இல்லை. ஐந்தாம் முறை மூக்கருகே குமிழிகள் போவதை உணர முடிந்தது. இதில் முடிச்சும் போட்டுக்கொண்டேன்: காலையில் முகம் கழுவியவுடன் மூன்று முறை. நான்கு நாள்கள் செய்தேன். வீட்டாரிடம்கூட என்ன செய்கிறேன் என்று சொல்லவில்லை, தனிக்குரல் அவர்களின் அனுபவம் நினைவில் இருந்ததால்.

ஐந்தாம் நாள் குளத்துக்குத் தொலைபேசியில் பேசி, "எனக்கு 43 வயது, தண்ணீர் என்றால் பயம், முதலில் எழுந்து நிற்க மட்டும் கற்றுக்கொடுப்பீர்களா?" என்று கேட்டேன். இந்த வாக்கியத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன். மறுமுனையில் இருந்தவருக்கு அது புதிய கேள்வியாகவே இல்லை. எந்த நாள் வசதி என்று மட்டும் கேட்டார். 9 ஆண்டுகள் தள்ளிப்போட்ட பேச்சு 2 நிமிடங்களில் முடிந்துவிட்டது.

முதல் வகுப்பு எளிதாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். படியில் இறங்கும்போது முழங்கால் நடுங்கியது, கைப்பிடியைப் பற்றிய விரல்கள் வெளுத்துப்போயின. கால்களைத் தரையிலிருந்து எடுக்க மட்டும் ஏறக்குறைய 15 நிமிடங்கள் ஆயின. எடுத்த மறுகணமே பதறி, சொல்லிக்கொடுத்த எதையும் செய்யாமல் தாறுமாறாக எழுந்து நின்றேன். ஆனால் நின்றுவிட்டேன்! தண்ணீர் என் மார்பளவுக்குத்தான் இருந்தது. அது எனக்கு முன்னரே தெரிந்ததுதான் என்றாலும், கால்கள் அதை அன்றுதான் தெரிந்துகொண்டன. அதன்பின் முறைப்படி முழங்காலை இழுத்து எழுவதை எண்ணிக்கொண்டே செய்தேன், 22 முறை.

இதுவரை நான்கு வகுப்புகள் முடிந்திருக்கின்றன. இரண்டாம் வகுப்புக்குப் போகும் நாளில் பழைய சாக்குகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாளைவிட அன்று கிளம்புவதுதான் கடினமாக இருந்தது. ஏன் என்று இன்னும் விளங்கவில்லை.

---

நீர்மட்டம்

மிகுந்த மகிழ்ச்சி. இரண்டாம் வகுப்பு பலருக்கும் அப்படித்தான். முதல் நாள் புதுமையின் வேகம் தூக்கிச் செல்லும். இரண்டாம் நாள் அது இருக்காது, உடம்புக்குப் பழக்கமும் ஏறியிருக்காது. என்னிடம் சேர்ந்து விட்டுவிடுபவர்களில் பெரும்பாலோர் முதல் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் இடையில்தான் விடுகிறார்கள். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இப்போது என்ன செய்கிறீர்கள்?

---

முற்றத்து நிழல்

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் நான் நிரப்பாமல் வைத்திருந்த பகுதி ஒரே ஒரு பத்தி. எழுத 40 நிமிடங்கள் ஆனது. சிறப்பாக வந்திருக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டது.

---

கரையோரம்

முற்றத்து நிழல் அவர்களுக்கு என் வாழ்த்து, முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள்.

நீர்மட்டம் அவர்களே, கைப்பிடியை விட்டுவிட்டு, ஐந்து எண்ணும்வரை மிதந்து, பிறகு எழுந்து நிற்க வேண்டும் என்று பயிற்றுநர் சொல்லியிருக்கிறார். நான் மூன்று வரை எண்ணியிருக்கிறேன். அடுத்த வகுப்பு வியாழக்கிழமை காலை 6 மணிக்கு. பழைய கண்ணாடியின் பட்டை அறுந்துவிட்டதால் வேறொன்று வாங்கியிருக்கிறேன், உறையை வாங்கிய அன்றே பிரித்துவிட்டேன்.